‘போறன்’ என்ற பொத்தான்

நல்லூரில் எங்கள் ஒழுங்கையின் மூன்றாவது வீட்டில் ஒரு பின்னேரம் கள்ளர் ஓடு பிரித்து இறங்கினார்கள். வீட்டுக்காரர் கோயிலுக்குப் போய் வந்த ஒரு மணித்தியாலத்துக்குள் அலுமாரியைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார்கள். அடுத்த கிழமையே நான் எங்கள் வீட்டில் அலாரம் பொருத்தினேன். அக்காவிடம் கேட்கவில்லை. கேட்டால் வேண்டாம் என்பாள், அதனால்தான் கேட்கவில்லை. அந்த வீட்டில் எது சரி எது பிழை என்று தீர்மானிக்கிற மூளை என்னுடையது என்று அந்த நாட்களில் எனக்கு ஒரு நினைப்பு இருந்தது.

வீட்டில் நாங்கள் இருவர்தான். என் மனைவி போய்ச் சேர்ந்து பன்னிரண்டு வருடம், பிள்ளைகள் இல்லை. அக்கா என்னைவிட எட்டு வயது மூத்தவள். கலியாணம் கட்டாமலே இருந்துவிட்டாள். முன்னறையில் தையல் மெஷினைப் போட்டுக்கொண்டு அயலில் உள்ள பெண்களுக்குச் சட்டை தைப்பாள். நான் ரியூசன் நிலையங்களில் பௌதிகம் படிப்பிக்கிறவன். காலை ஏழு மணிக்கு மோட்டார் சைக்கிளை எடுத்தால் பின்னேரம் ஐந்து மணிக்குத்தான் திரும்புவேன். முப்பது வருடமாகப் பிள்ளைகளின் கொப்பிகளில் சிவப்புக் கோடு போட்டுப் பழகிய கை என்னுடையது. அந்தக் கை வீட்டுக்கு வந்தாலும் சும்மா இருக்காது.

அலாரப் பெட்டியை முன்கதவுக்குப் பக்கத்துச் சுவரில் பூட்டினார்கள். இலக்கங்கள் உள்ள பொத்தான்கள் மேலே. அவற்றுக்குக் கீழே இரண்டு நீளப் பொத்தான்கள். ஒன்றில் ஆள் உள்ளே நிற்கிற வீட்டுப் படம், மற்றதில் வெறும் வீட்டுப் படம். வீட்டில் ஆள் இருந்தால் முதலாவதை அமத்த வேண்டும். அப்போது கதவும் யன்னலும் மட்டும் காவலில் இருக்கும். எல்லோரும் வெளியே போனால் இரண்டாவது. அப்போது அறைக்குள் ஒரு அசைவு தெரிந்தாலும் கத்தும். எதை அமத்தினாலும் முன்கதவால் வெளியேற நாற்பத்தைந்து வினாடி தரும். அதுவரை பீப், பீப் என்று எண்ணிக்கொண்டிருக்கும். திரும்பி வந்தால் இரகசிய இலக்கத்தை அடித்து நிற்பாட்ட வேண்டும். இவ்வளவும் என் கைத்தொலைபேசியிலும் தெரியும். வகுப்பில் நின்றபடியே என் வீடு எந்த நிலையில் இருக்கிறது என்று பார்க்கலாம்.

அக்காவுக்கு அந்தப் படங்கள் பிடிபடவில்லை. “இது வீடோ, புறாக்கூடோ?” என்று கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தாள். பொத்தான் என்று அவள் சொல்லவும் மாட்டாள். சட்டைக்குத் தைப்பதும் தெறி, சுவரில் அமத்துவதும் தெறி. “எந்தத் தெறியை அமத்துறது?” என்று ஒரு நாளில் நாலு தரம் கேட்டாள். நான் ரியூசன் நிலையத்தில் இரண்டு சின்னத் துண்டுகள் அச்சடித்துக் கொண்டுவந்து படங்களுக்கு மேல் ஒட்டினேன். ஆள் நிற்கிற வீட்டுக்கு ‘இருக்கிறன்’. வெறும் வீட்டுக்கு ‘போறன்’. புத்தகத் தமிழில் எழுதாமல் பேசுகிற மாதிரியே எழுதியது என் கெட்டித்தனம் என்று எனக்குப் பெருமை வேறு.

அக்கா கிட்டப் போய் வாசித்தாள்.

“என்னடா தம்பி இது?”

“வெளியிலை போகேக்கை இதை அமத்துங்கோ. வீட்டிலை நிக்கேக்கை மற்றதை அமத்துங்கோ. வேறை ஒண்டும் யோசிக்கத் தேவையில்லை.”

“அதில்லை. இதிலை என்ன எழுதியிருக்கிறாய்?”

“போறன்.”

“ஆர் போறது?”

“நீங்கள்தான்.”

அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். “வாசலிலை நிண்டுகொண்டு நான் போறன் எண்டு சொல்லச் சொல்லுறியோ?”

எங்கள் பக்கத்தில் வீட்டை விட்டு வெளிக்கிடுகிறவர் எவரும் ‘போறன்’ என்று சொல்வதில்லை. சந்திக் கடைக்குப் பாண் வாங்கப் போனாலும் ‘போட்டு வாறன்’ தான். வெறுமனே ‘போறன்’ என்றால் அது திரும்பி வராத போக்கு. இதில் அம்மா மகா கண்டிப்பு. பள்ளிக்கூடத்துக்குப் பிந்திவிட்ட அவசரத்தில் நான் “அம்மா, போறன்” என்று கத்திக்கொண்டு சைக்கிளில் ஏறினால், படலை வரைக்கும் ஓடி வந்து மறிப்பாள். உள்ளே கூட்டிக்கொண்டு போய்க் கதிரையில் இருத்தி, ஒரு மிடறு தண்ணீர் குடிக்க வைத்து, சொல்ல வேண்டியதைச் சரியாகச் சொல்ல வைத்துத்தான் விடுவாள். அதனால் பிந்திப்போய் நான் வாங்கிய அடிகள் கொஞ்சமல்ல. அந்தக் கோபம் அம்மா செத்த பிறகும் எனக்குள் கிடந்திருக்க வேண்டும்.

“மெஷினுக்குச் சகுனம் தெரியாது அக்கா.”

“மெஷினுக்குத் தெரியாட்டி எனக்குத் தெரியும். ‘போட்டு வாறன்’ எண்டு மாத்தி அடிச்சுத் தா.”

“அது இந்தத் துண்டிலை அடங்காது.”

பொய். எழுத்தை ஒரு பிடி சின்னதாக்கினால் அடங்கும். ஐந்து நிமிட வேலை. அவள் மூன்று தடவை கேட்டாள். முதல் தடவை சிரித்து மழுப்பினேன். இரண்டாம் தடவை நாளைக்கு என்றேன். மூன்றாம் தடவை கேட்டபோது எனக்குச் சன்னதம் வந்துவிட்டது. “எழுபது வயசாகப் போகுது, இன்னும் உந்தப் பேய்க்கதை கதைச்சுக்கொண்டு நிக்கிறியள். பிடிக்காட்டி அமத்தாமல் விடுங்கோ. கள்ளன் வந்து எல்லாத்தையும் அள்ளிக்கொண்டு போகட்டும்!” என்று கத்தினேன். அவள் கையில் இருந்த ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டு மெஷினடிக்குப் போனாள். அதற்குப் பிறகு கேட்கவேயில்லை. வழிக்கு வந்துவிட்டாள் என்று நினைத்தேன்.

முதல் கிழமை பெரிய கூத்து. அலாரத்தைப் போட்டுவிட்டு, சாமியறை விளக்கு அணைந்ததோ என்று பார்க்கப் பின்னுக்குப் போய், அங்கிருந்து கிணற்றடிக் கதவைத் திறந்துவிட்டாள். சத்தம் சந்தி வரைக்கும் கேட்டது. முன்வீட்டு ஐயா உலக்கையோடு ஓடி வந்தார். அக்கா இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, “தம்பி, இதுக்கு ஆரோ சூனியம் வைச்சிட்டாங்கள்” என்று எனக்குத் தொலைபேசி எடுத்தாள். வகுப்பில் நின்றபடி இலக்கத்தைச் சொல்லிக் கொடுத்து நிற்பாட்டினேன். அன்று நாங்கள் இருவரும் சாப்பிடும்போது சிரித்துச் சிரித்துப் புரைக்கேறிப் போனோம். அப்படிச் சிரித்தது அதுதான் கடைசியோ தெரியாது. அதற்குப் பிறகு சிரித்த ஒரு நாளும் எனக்கு நினைவுக்கு வரவில்லை.

அலாரம் வருவதற்கு முன்பு, பத்தரை மணி இடைவேளைக்கு ஒவ்வொரு நாளும் அக்காவுக்கு ஒரு அழைப்பு எடுப்பேன். பெரிய கதை ஒன்றும் இல்லை. என்ன கறி, மீன்காரன் வந்தானோ, வெயில் எப்படி என்பதோடு முடிந்துவிடும். சிலவேளை அவள் எடுக்கமாட்டாள். தொலைபேசியை மெஷினுக்கு மேல் வைத்துவிட்டு வெளியே போவது அவளது வழக்கம். “உதைக் காவிக்கொண்டு திரிய நான் என்ன கந்தோரிலையோ வேலை செய்யிறன்?” என்பாள். எடுக்காவிட்டால் எனக்கு இருப்புக் கொள்ளாது. திரும்பத் திரும்ப எடுப்பேன், முன்வீட்டு ஐயாவுக்கும் எடுப்பேன். அலாரம் வந்த பிறகு அந்தக் கரைச்சல் இல்லாமல் போயிற்று. தொலைபேசியைத் திறந்து பார்த்தால் பச்சை நிறத்தில் வீடு, உள்ளே ஒரு ஆள். அக்கா இருக்கிறாள். அவ்வளவு போதும் என்று தேத்தண்ணியைக் குடிக்கப் போய்விடுவேன்.

எட்டு மாதம் நான் பார்த்த நேரமெல்லாம் அந்தப் படம் மாறவேயில்லை. அக்கா வெளியே திரிவதைக் குறைத்துவிட்டாள் என்று எனக்குச் சந்தோசம். “இப்பதான் உங்களுக்குப் புத்தி வந்திருக்கு” என்று ஒரு நாள் சொன்னேன். அவள் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாள்.

அன்றும் பத்தரை மணி இடைவேளைதான். தெரியாத இலக்கத்திலிருந்து ஒரு பெண் பேசினார்.

“பௌதிகம் படிப்பிக்கிற சேரோ?”

“ஓம்.”

“சேர், இஞ்சை ரவுனிலை, என்ரை கடை வாசலிலை ஒரு அம்மா விழுந்திட்டா. வாய் கதைக்க ஏலாமல் கிடக்கு. பைக்குள்ளை போனும் இல்லை, அடையாள அட்டையும் இல்லை. லைனிங், நூல் எண்டு எழுதின ஒரு துண்டுதான் கிடக்கு. பின்பக்கம் உங்கடை வகுப்பு நோட்டீஸ். அதிலைதான் இந்த நம்பரை எடுத்தனான். உங்கடை வீட்டு ஆக்கள் ஆருமோ?”

லைனிங் என்ற சொல் நெஞ்சில் இடித்தது. அக்காவோ என்று ஒரு கணம் நினைத்தேன் என்பதை இன்று ஒப்புக்கொள்கிறேன். “ஒருக்கா நில்லுங்கோ” என்று சொல்லிவிட்டு, அதே தொலைபேசியில் அலாரத்தைத் திறந்து பார்த்தேன். பச்சை வீடு. உள்ளே ஆள். மூச்சு வந்தது. என் நோட்டீசுகள் யாழ்ப்பாணம் முழுவதும் கடலை சுற்றவும் கணக்கு எழுதவும் பறந்து திரிகின்றன. லைனிங் வாங்காத பெண் எந்த வீட்டில் இல்லை?

“இல்லைத் தங்கச்சி. எங்கடை அக்கா வீட்டிலை இருக்கிறா. எனக்கு நல்லாத் தெரியும். என்னட்டைப் படிக்கிற ஆரும் பிள்ளையின்ரை தாயாயிருக்கும். எங்கடை ஆள் இல்லை.”

“சரி சேர். கரைச்சல் குடுத்திட்டன்.”

நான் வகுப்புக்குத் திரும்பினேன். திரும்பியது மட்டுமல்ல, அன்றைய பாடம் உணரிகளைப் பற்றியது என்பதால், தொலைபேசியை உயர்த்திப் பிடித்து அந்தப் பச்சை வீட்டைப் பிள்ளைகளுக்குக் காட்டவும் செய்தேன். “மனுசர் பொய் சொல்லலாம், இது சொல்லாது” என்றேன். பின்வரிசைப் பிள்ளைகள் எழுந்து நின்று பார்த்தார்கள்.

ஐந்து மணிக்கு வீட்டுக் கதவைத் திறந்தேன். பெட்டி பீப் என்று எண்ணத் தொடங்கியது. இலக்கத்தை அடித்து நிற்பாட்டிவிட்டு, “அக்கா” என்று கூப்பிட்டேன். சத்தமில்லை. வெறுமையான வீடு என்று அப்போதும் எனக்குத் தோன்றவில்லை. மெஷின் சொன்னது அப்படி மனதில் பதிந்திருந்தது. குளியலறையைத் தட்டினேன். கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தேன். கட்டிலுக்குக் கீழேகூடக் குனிந்து பார்த்தேன். ஒரு மனுசியைக் கட்டிலுக்குக் கீழே தேடிய விசரன் நான். கடைசியில் முன்னறையில், தைத்து முடியாத ஒரு சட்டைக்குப் பக்கத்தில் அவளுடைய தொலைபேசியைக் கண்டேன். லைனிங் வைக்காத சட்டை. அப்போதுதான் எல்லாம் ஒன்றாக விளங்கியது.

காலையில் வந்த இலக்கத்துக்கு எடுத்தேன். அந்தப் பெண் என்னைக் குற்றம் சொல்லவில்லை. “அம்புலன்சிலை ஏத்தி விட்டனாங்கள் சேர். பதினொரு மணி இருக்கும்” என்றார்.

பெரியாஸ்பத்திரியில் அக்கா பெயர் தெரியாத பெண்ணாகக் கிடந்தாள். பக்கவாதத்தில் வலப்பக்கம் முழுவதும் விழுந்துபோயிருந்தது. பேச்சு இல்லை. இதய வருத்தத்துக்காக, இரத்தம் உறையாமல் இருக்க ஒரு குளிசை எடுப்பவள் அவள். அது இந்த உலகத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். டொக்டர் இளம் வயது, பொறுமையாகச் சொன்னார். “உதுக்கொரு மருந்து இருக்கு. முதல் சில மணித்தியாலத்துக்குள்ளை குடுக்க வேணும். ஆனா என்ன குளிசை எடுக்கிறவ எண்டு தெரியாமல் குடுக்கேலாது. சொல்ல ஒருத்தரும் இருக்கேல்லை.” என் முகத்தைப் பார்த்துவிட்டு, “சிலவேளை ஆள் இருந்திருந்தாலும் குடுத்திருக்க ஏலாமல் போயிருக்கும்” என்றார். அந்தச் ‘சிலவேளை’யைப் பிடித்துக்கொண்டுதான் நான் நித்திரை கொள்கிறேன். கொள்ளும் நாட்களில்.

ஆஸ்பத்திரி வாங்கிலில் இருந்தபடி அலாரத்தின் பழைய பதிவுகளை முதன்முதலாகக் கீழே இழுத்துப் பார்த்தேன். எட்டு மாதமும் அதில் எழுதியிருந்தது. இலக்கம் அடித்தது, ‘இருக்கிறன்’ அமத்தியது, உடனே முன்கதவு திறந்தது, மூடியது. இரண்டு மணித்தியாலம் கழித்துத் திரும்பவும் முன்கதவு. வெள்ளிக்கிழமைகளில் கோயில் நேரம். மற்ற நாட்களில் கடையோ, சந்தையோ, சிநேகிதிகளின் வீடோ. மற்றப் பொத்தானை அவள் ஒரு நாள்கூடத் தொடவில்லை. என்னோடு சண்டை பிடிக்க விருப்பமில்லாமல், கெட்ட சொல்லைச் சொல்லவும் மனமில்லாமல், வீட்டை விட்டு வெளியே போகும்போதெல்லாம் இருக்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். இந்தப் பதிவு நாள்தோறும் என் சட்டைப்பைக்குள் கிடந்தது. நான் மேலே உள்ள படத்தை மட்டும் பார்த்தேன்.

அக்கா கண் திறந்தபோது அவளுடைய இடக்கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அழுதபடி ஒரு பொய்யும் சொன்னேன். “தெரிஞ்ச உடனை ஓடி வந்தனான் அக்கா. ஒருத்தரும் எனக்கு அறிவிக்கேல்லை.” அந்த அழைப்பை அவள் அறியத் தேவையில்லை, அறிந்தால் மனம் உடைந்துவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மை என்னவென்றால், எனக்கு அவளுடைய முகத்தைப் பார்த்து அதைச் சொல்லப் பயம். அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். களைப்பு என்று நினைத்தேன்.

பார்க்க வந்தவர்கள் எல்லோரும் கேட்டார்கள்: ஏன் இவ்வளவு பிந்தியது, உனக்கு ஒருத்தரும் சொல்லவில்லையோ? ஒவ்வொருவருக்கும் கட்டிலடியில் நின்று அதே பதிலைச் சொன்னேன். சொல்லச் சொல்லப் பொய்க்குக் கை கால் முளைத்தது. “ரோட்டிலை போற சனம் ஒரு போன் எடுத்திருக்கலாம். ஆருக்கு என்ன அக்கறை?” என்று முன்வீட்டு ஐயாவிடம் ஊரையே திட்டினேன். அவரும் ஓம் ஓம் என்று தலையாட்டினார். அக்கா சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். பத்தாம் நாள் விடிய முடிந்துவிட்டாள். ஒரு சொல்லும் பேசவில்லை.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியைகள் முடிந்த பிறகு, அந்தக் கடைக்காரப் பெண்ணைத் தேடிப் போனேன். நன்றி சொல்ல வேண்டும் என்று ஒரு மாதமாக மனது அரித்துக்கொண்டிருந்தது. நூலும் துணியும் விற்கிற சின்னக் கடை. முக்காடு போட்ட, நாற்பது வயது மதிக்கத்தக்க பெண். புத்தளத்தில் வளர்ந்து, பெற்றோரின் ஊருக்குத் திரும்பி வந்தவர். கடை திறந்து நாலைந்து மாதம்தான். “இந்தப் பக்கத்து ஆக்களை எனக்கு இன்னும் வடிவாத் தெரியாது சேர். தெரிஞ்சிருந்தால் வீட்டுக்கே வந்து சொல்லியிருப்பன்” என்றார். அக்கா வாங்கிய லைனிங் துணியை மடித்து, பையில் போட்டு, எனக்காக எடுத்து வைத்திருந்தார். கதிரை போட்டுத் தந்தார். ரீ குடிக்கச் சொன்னார். நான் இருக்கவில்லை.

“அவ நினைவோடைதான் இருந்தவ சேர்” என்றார். “அதை உங்களுக்குச் சொல்ல வேணும் எண்டு நினைச்சனான். அவவின்ரை தலை என்ரை மடியிலை. ரெண்டு கையாலையும் பிடிச்சிருந்தனான். அதாலை போனை ஸ்பீக்கரிலை போட்டுப் பக்கத்திலை வைச்சுக்கொண்டுதான் உங்களோடை கதைச்சனான்.”

நான் பையைப் பிடித்தபடி நின்றேன்.

“உங்கடை குரல் கேட்டவுடனை கண்ணை முழிச்சுப் பாத்தவ. நீங்கள் ‘அக்கா வீட்டிலை இருக்கிறா’ எண்டு சொல்ல, இல்லை, இல்லை எண்டு தலையை ஆட்டினவ. எனக்கு அது விளங்கேல்லை. நீங்களும் எங்கடை ஆள் இல்லை எண்டு சொல்லுறியள், அவவும் இல்லை எண்டு தலையாட்டுறா. அப்ப வேறை ஆரோ எண்டு நினைச்சுப் போனை வைச்சிட்டன். நான் ஒரு மடைச்சி. என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ சேர்.”

மன்னிப்பு அவர் என்னிடம் கேட்டார். ஒருத்தரும் எனக்கு அறிவிக்கவில்லை என்று ஒன்பது நாளாக, வந்தவர் போனவர் எல்லோருக்கும், அக்காவின் தலைமாட்டில் நின்று சொன்னவன் நான். ஒவ்வொரு தடவையும் அவள் அதைக் கேட்டுக்கொண்டு கிடந்தாள்.